வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு எப்போது இளவேனில்?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு படம் அனுப்புவாள். சமையலறை ஜன்னலோரம் முட்டை அட்டைக் குழிகளில் தக்காளி நாற்று; கண்ணாடிக்கு வெளியே உருகாத பனி. "அண்ணி, எங்க ஸ்பிரிங் கார்டன் ஆரம்பம். உங்களுக்கென்ன, வருஷம் முழுக்க வெயில்" என்று கீழே ஒரு வரி இருக்கும். அதைப் பல வருஷம் நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. பனி இல்லை, இலையுதிர்காலம் இல்லை. ஆகவே எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று ஈசூனில் எங்கள் ஆறாவது மாடித் தாழ்வாரத்தில் நினைத்தபோதெல்லாம் விதைத்தேன். மே மாதம் போட்ட வெண்டை முழங்கை நீளத்துக்குக் காய்த்துத் தள்ளியது. அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையை நவம்பரில் போட்டேன். வெளிறிப்போய், ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டுக்குத்தாக வளர்ந்து, ஒரு பூ கூட விடாமல் செத்தது. மண்ணைக் குறை சொன்னேன், உரத்தைக் குறை சொன்னேன், கைராசி இல்லை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மாமியார்தான். மோர்மிளகாயைக் காயவைக்க முறத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு முன்னும் பின்னும் அலைந்தவர் ஒரு மார்கழியில் சலித்துக்கொண்டார்: "ஆனி மாசம் வாசலுக்கு வந்த வெயிலு இப்ப அடுப்படிக்குல்ல போயிடுச்சு!"

விஷயம் அவ்வளவுதான். மார்கழியில் வடக்கே திரும்பும் சூரியன் சிங்கப்பூருக்கு நேர் மேலே வந்து சேர மார்ச் 23 வாக்கில் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு செப்டம்பர் 20 வாக்கு வரைக்கும் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம். மற்ற ஆறு மாதம் தெற்குப் பக்கம். திறந்த வயலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தலைக்கு மேல் கூரையும் ஒரு பக்கம் மட்டும் திறப்பும் உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் இதுதான் பருவம். வடக்கு பார்த்த எங்கள் வாசலுக்குப் பங்குனியில் இளவேனில் பிறக்கிறது, நாத்தனார் வீட்டுக்குப் பிறக்கும் அதே நேரத்தில். எதிர் புளோக்கில் தெற்கு பார்த்த வாசல்காரர்களுக்கு அது புரட்டாசியில் பிறக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது ஊர் மழைக்காக. இங்கே பட்டத்தைத் தீர்மானிப்பது உங்கள் வாசல் பார்க்கும் திசை.

எனவே தொட்டி வாங்குவதற்கு முன் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். கைப்பேசியில் இருக்கும் திசைகாட்டியை வைத்துத் தாழ்வாரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை வீட்டில் இருந்து காலை 9, மதியம் 1, மாலை 5 மணிக்கு வெயில் விழும் இடத்தில் கோடு போடுங்கள். நம் கடிகாரம் சூரியனைவிட முன்னே ஓடுகிறது. உச்சி வெயில் இங்கே 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. வடக்கு பார்த்த என் தாழ்வாரத்தில், கட்டைச்சுவர் உயரத்தில் வைத்துப் பார்த்தால், உச்சிவேளை வெயில் ஏப்ரல் நடுவில் ஒரு சாண், மே நடுவில் ஒரு முழம், ஜூனில் ஒன்றரை முழம் உள்ளே வருகிறது. காலையிலும் மாலையிலும் இன்னும் கொஞ்சம் அதிகம் நுழையும். கிழக்கோ மேற்கோ பார்த்த வாசல் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், வருஷம் முழுக்க அரை நாள் வெயில் உண்டு. கிழக்கு வெயில் கீரைக்கு அமிர்தம். மேற்கு வெயில் மிளகாய்க்கு நல்லது, ஆனால் சின்னத் தொட்டியை மூன்று மணி நேரத்தில் காயவைத்துவிடும்.

நான்கு மணி நேரம் நேரடி வெயில் கிடைத்தால் கீரை வளர்க்கலாம். காய் வேண்டுமென்றால் ஆறு மணி நேரமாவது வேண்டும். இரண்டு மணி நேரம்தான் என்றால் சமையலுக்கு வாசனை தரும் பண்டான், கற்பூரவல்லி, புதினா, வல்லாரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலே எட்டாத வீடு என்றால் பக்கத்தில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் அவற்றை ஊக்குவித்து வருகிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் வாடகைப் பாத்திகளும் பூங்காக்களில் தருகிறார்கள், மூன்று வருஷத்துக்கு.

வெயிலைப் பார்த்தாயிற்று. அடுத்தது அளவு நாடா. தாழ்வாரம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி. நடக்க 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. என் தாழ்வாரம் 1.65 மீட்டர். மிச்சம் 45 சென்டிமீட்டர். அதனால் 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள இரும்பு அடுக்கு ஒன்றைக் கட்டைச்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறேன். தரையில் வைத்தால் கட்டைச்சுவரின் நிழலே செடியைத் தின்றுவிடும், எனவே அடுக்கின் உயரம் இரண்டடி. அதன்மேல் தொட்டி வைத்தால் மண்ணின் மட்டம் சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கும். சுவரின் மேலேயே தொட்டியை வைக்க ஆசை வரும். வேண்டாம். ஆறாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும். அதற்கு வழக்கும் உண்டு, சிறையும் உண்டு. உங்கள் நகர மன்றம் தாழ்வாரச் செடிகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கொசு. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும், தட்டில் நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீரும் போதும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், இறுகிப்போன மேல்மண்ணில் தேங்கும் தண்ணீரிலும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை பழைய முள்கரண்டியால் மேல்மண்ணைக் கிளறிவிடுகிறேன். ஒரு முறை சோதனைக்கு வந்த அதிகாரி மற்ற தொட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காங்கோங் கீரைத் தண்டு வேர்விட வைத்திருந்த கண்ணாடி ஜாடிக்குள் டார்ச் அடித்தார். நல்லவேளை, அன்று காலைதான் தண்ணீர் மாற்றியிருந்தேன். புழு இருந்திருந்தால் 200 வெள்ளி அபராதம்.

மண்ணுக்கு வருவோம். கீழே புல்வெளியில் தோண்டி எடுக்கும் களிமண் தொட்டிக்குள் செங்கல்லாகிவிடும். தாம்சன் ரோட்டு நாற்றுப் பண்ணைகளில் மூட்டைகளாகக் கிடைக்கும் தொட்டிமண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. என் கலவை இதுதான். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறிப் பழகியவர்களுக்கு இந்தப் பதத்தை விளக்க வேண்டியதில்லை. கீரைக்குச் சந்தையில் மீன்காரர் தூக்கிப்போடும் தெர்மோகோல் பெட்டியே போதும், அடியில் எட்டு பத்து ஓட்டை போட்டால் சரி. வாசனை போக இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

முதல் மாதம் விதை பாக்கெட் எதுவும் வாங்காதீர்கள் என்பேன். தேக்கா சந்தைக்குப் போய் வழக்கமான காய்கறியோடு அடிவேர்க் குமிழ் வெட்டப்படாத எலுமிச்சைப்புல் மூன்று தண்டு, நல்ல புதினா ஒரு கட்டு, காங்கோங் ஒரு கட்டு வாங்கி வாருங்கள். காங்கோங்கை மேல்பாதி சமையலுக்கு நறுக்கிவிட்டு, கணுக்கள் உள்ள அடித்தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வெள்ளை வேர். புதினாவில் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு அதே மாதிரி. எலுமிச்சைப்புல்லுக்கு இரண்டு வாரம் பொறுமை வேண்டும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். புதினாவுக்கு மட்டும் தனித்தொட்டி. மற்ற செடியோடு வைத்தால் ஒண்ட வந்தது வீட்டையே பிடித்துக்கொள்ளும்.

விதையில் முதலில் வெந்தயம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே போதும். இரவு ஊறவைத்து, ஈரமண்ணில் நெருக்கமாகத் தூவி, அரை விரற்கடை மண் மூடினால் மூன்றாம் நாள் முளை. இருபது இருபத்தைந்து நாளில் கீரை. முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர் மனம் தளராமல் இருக்க இதைவிட நல்ல பயிர் இல்லை. அடுத்தது தண்டுக்கீரை, சந்தையில் பாயாம் என்று கேட்டால் தருவார்களே அதன் இனம். விதை கடுகைவிடச் சின்னது, காற்றில் பறக்கும். மணலோடு கலந்து தூவுங்கள். பச்சை வேண்டாம் என்றால் சிவப்பு இருக்கிறது. நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு நறுக்கினால் இன்னொரு அறுப்பு கிடைக்கும். வாரம் ஒரு பெட்டி என்று விதைத்தால் கீரை வாங்கும் செலவு உண்மையாகவே குறைகிறது. தக்காளி, வெண்டை என்று ஆரம்பிக்கிறவர்கள்தான் மூன்றாம் மாதம் தொட்டியைக் குப்பைத் தொட்டியோரம் வைக்கிறார்கள்.

கொத்தமல்லியைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விதையைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஊறவைத்து, விதைத்து, பத்து நாள் காத்திருந்து, கைப்பிடி உயரம் வந்ததும் இந்தச் சூட்டுக்குப் பயந்து பூவெடுத்துவிடும். இரவிலேயே 25 டிகிரி இருக்கும் ஊரில் அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? டிசம்பர், ஜனவரி மழைக் குளிரில் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. மற்ற மாதங்களில் கடையில் வாங்கிவிடுங்கள், மானம் போகாது. நாத்தனாரின் பெரிய தக்காளிகளுக்கும் இதே கதைதான்: இரவுச் சூட்டில் பூ உதிரும். குட்டித் தக்காளி வகை மட்டும் கொஞ்சம் காய்க்கும்.

வெண்டைக்கும் மிளகாய்க்கும்தான் வாசலின் இளவேனில் முக்கியம். வடக்கு வாசலுக்கு நான் செய்வது இப்படி: மிளகாய் மெதுவாக வளர்வதால் மாசியிலேயே நாற்று. சிலி பாடி என்னும் குட்டி மிளகாய் காய்ந்ததை உடைத்து எடுத்த விதை போதும். முளைக்கவே பத்து நாள் ஆகும். சமையலறை ஜன்னலுக்கு உட்புறம் வைத்து வளர்க்கிறேன், ஏனென்றால் அப்போது வெயில் தெற்கே இருக்கிறது. வெண்டை மார்ச் கடைசியில். வெயில் ஒரு சாண் உள்ளே வரும்போது நாற்று நான்கு இலையில் நிற்கும். அப்போது பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒன்று வீதம் மாற்றி அடுக்கின் மேல் தட்டில் வைத்துவிடுவேன். நாத்தனார் கடைசி உறைபனி போகட்டும் என்று காத்திருக்கிறாள், நான் வெயில் வரட்டும் என்று காத்திருக்கிறேன். நாற்றை வீட்டுக்குள் வளர்த்து வெளியே விடும் வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஜூன் முதல் வாரத்தில் வெண்டை காய்க்க ஆரம்பிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் நார்தான். ஆறு செடி இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு பொரியல் உறுதி. மிளகாய் பூக்கும்போது தேனீ வராவிட்டால் தண்டை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், போதும்.

இனி கறிவேப்பிலை. சிங்கப்பூர்த் தமிழர் தாழ்வாரத்தில் இது இல்லாமல் தோட்டம் என்று சொல்லக் கூசும். ஊருக்குப் போய் வரும்போது கன்றை வேரும் மண்ணுமாகப் பையில் சுருட்டி வராதீர்கள். செடி கொண்டுவர அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இங்கேயே பண்ணையில் ஒரு முழக் கன்றாக வாங்குங்கள். முதல் ஆறு மாதம் இலையைக் கிள்ளவே கூடாது என்று அத்தை, அதாவது மாமியார், கட்டளை. அதன் பிறகும் தனித்தனி இலையாகப் பிய்க்காமல், முழு ஈர்க்காகக் காம்போடு ஒடியுங்கள். இடுப்பு உயரம் வந்ததும் நுனியைத் துணிந்து வெட்டுங்கள். எனக்கு மனம் வரவில்லை, அதனால் என் முதல் செடி கிளையே இல்லாமல் கொடிக்கம்பம் மாதிரி மேல்மாடியை எட்டிப்பார்த்தது. இரண்டாவது செடியை வெட்டினேன், ஐந்து கிளை விட்டது. பக்கத்தில் குட்டி முளைத்தால் வேரோடு பிரித்துத் தனியாக நட்டுக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து கவிழ்த்து, சுருண்டுகிடக்கும் வேரில் கால்பங்கை நறுக்கிப் புது மண் போட வேண்டும்.

அதன் இலைமேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கும். சில நாளில் பச்சை நிறமாகி, ஒரே வாரத்தில் கிளையை மொட்டையடிக்கும். நான் தொட்டிக்கு இரண்டு புழுவை விட்டுவைக்கிறேன். மிச்சத்தைக் கீழே எலுமிச்சைச் செடி வைத்திருக்கும் சமூகத் தோட்டத்துக்காரர்களிடம் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மிளகாயில் பஞ்சு போல வரும் மாவுப்பூச்சிக்கு இந்தக் கருணையெல்லாம் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு, நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது, ஆனால் அதில் ஒரு சொட்டும் தாழ்வாரத் தொட்டிக்குள் ஒழுங்காக விழாது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும் டிசம்பரில் என் கீரை வாடியது இப்படித்தான். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில், இரண்டு தவணையாக: முதல் குவளை மண்ணை நனைக்க, ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது குவளை வேருக்கு. இப்படி ஊற்றினால் தரையில் ஒழுகாது.

உரத்துக்கு நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மீன் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கெளுத்தி கழுவிய தண்ணீரை எல்லாத் தொட்டிக்கும் ஊற்றினேன். ஊரில் கிணற்றடியில் ஊற்றுவது வேறு, ஆறாவது மாடியில் ஊற்றுவது வேறு. மாலைக்குள் எறும்பு வரிசை மின்தூக்கி வரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன செத்துப்போயிற்று என்று கேட்டார். அடுத்த ஒரு வாரம் என் பண்டான் இலையெல்லாம் அவர் வீட்டு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சமாதானமாகப் போயிற்று. இப்போது அரிசி கழுவிய தண்ணீர், அதுவும் புளிக்காமல் அன்றன்றைக்கு. மாதம் ஒருமுறை உருண்டையாகக் கிடைக்கும் கோழி உரம் ஒரு கைப்பிடி, மண்ணுக்குள் புதைத்து. அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசி வாரம் வந்ததும் வெயில் கட்டைச்சுவர் விளிம்போடு நின்றுவிடும். முற்றவிட்ட இரண்டு வெண்டைக்காயை விதைக்கு எடுத்துவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். மிளகாய் வருஷக்கணக்கில் இருக்கும், அதைப் பாதி உயரத்துக்கு வெட்டித் தெற்குப் பக்கச் சமையலறை ஜன்னலுக்கு உட்புறம் கொண்டுபோக வேண்டும். வடக்கு அடுக்கில் மிஞ்சுவது பண்டானும் கற்பூரவல்லியும் புதினாவும்தான், அவற்றுக்கு அந்த வெளிச்சமே போதும். தொட்டியைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அடியில் கிழிந்த பாய்த் துண்டைப் போட்டு இழுத்தால் கூடத்துத் தரை கீறாது. எனக்கு மட்டும், பின்னாலேயே துடைப்பத்தோடு அத்தை வருவார்.